படம் வராத வயர்

இந்த வாரம் ஒரு வயரின் கதை. மின்சாமான், கம்பியூட்டர் உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்கள் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். மற்றவர்களுக்கு, வீட்டுக் கம்பியூட்டரை டீவியோடு இணைத்துப் படம் பார்க்கவாவது இது உதவும்.

2014இல் ஒரு நாள் அச்சுவேலியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு நாளுக்கு முன்தான் யாழ்ப்பாணத்தில் என் கடைக்கு வந்து 450 ரூபாவுக்கு ஒரு வயர் வாங்கிப் போனவர்.

"நானா, நீங்கள் தந்த வயரைக் கொழுவினால் டீவியில ஒண்டும் வரேல்லை. சிக்னல் இல்லை எண்டு எழுத்து மட்டும் ஓடுது."

"இன்புட்டை மாத்திப் பாருங்க மாஸ்டர்."

"எல்லாம் மாத்திப் பார்த்திட்டன். மனிசிக்கு முழங்கால் வருத்தம், கம்பியூட்டர் மேசையில இருந்து பார்க்க ஏலாது. இருந்த டி.வி.டி. பிளேயரும் பழுது. அதுதான் கேட்டனான்."

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பையில் நாலைந்து வயர்களைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டிப் போகும்போது, ஒரு வயருக்காக இவ்வளவு தூரம் பெற்றோல் எரிக்க வேண்டுமா என்று மனம் கணக்குப் பார்க்கத்தான் செய்தது.

பிழை வயரில்தான். ஒரு முனை கம்பியூட்டரின் நீல நிற வி.ஜி.ஏ., மறுமுனை டீவியின் எச்.டி.எம்.ஐ. வி.ஜி.ஏ. என்பது 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 15 முனை இணைப்பு. படத்தை அனலொக் அலையாக அனுப்பும், சத்தத்தைக் கொண்டுபோகாது. எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் வந்தது. 19 முனைகள், படம், சத்தம் இரண்டையும் டிஜிட்டலாகக் கொண்டுபோகும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். என் வயரில் வெறும் கம்பிதான் இருந்தது. அது எந்த வீட்டிலும் படம் காட்டாது.

சிப் உள்ள கொன்வேர்ட்டரை விற்றுவிட்டு வரலாம், லாபமும் கூட. டீவியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் 'பி.சி. இன்' என்று வி.ஜி.ஏ. துளையே இருந்தது, பக்கத்தில் சத்தத்துக்கான சிறிய துளையும். சாதாரண வி.ஜி.ஏ. வயரும், இருபக்கமும் 3.5 மில்லிமீற்றர் முனையுள்ள ஓடியோ வயரும் போதும். கடையில் மாஸ்டரிடம் 'உங்கள் டீவியின் பின்னால் என்ன துளை இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பயணமே இல்லை.

வயரை எடுத்துக் கம்பியூட்டர்ப் பெட்டியைத் தொட்டதும் விரல் 'சுர்' என்றது. மூன்று முனைப் பிளக்கை, எர்த் எங்கும் படாத ஓர் அடப்டரில் சொருகியிருந்தார்கள். எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டில் ஓடும் கம்பியூட்டரின் உலோகப் பெட்டியில் ஏறக்குறைய அதன் பாதி வோல்ட் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது டீவியோடு வயரைக் கொழுவினால், அந்த மின்சாரம் வயர் வழியே பாய்ந்து டீவியின் போர்ட்டை எரித்துவிடலாம். பிறகு வாடிக்கையாளர் யாரைக் குறை சொல்வார்? எனவே இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். எர்த்தைச் சரிபார்க்க எலக்ட்ரீசியனைக் கூப்பிடும்படி மாஸ்டரிடம் சொன்னேன்.

பிறகு வேலை ஐந்து நிமிடம். விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் சாவியோடு 'பி' எழுத்தை அழுத்தினால் படம் எந்தத் திரையில் வரவேண்டும் என்று கேட்கும். படம் வந்தது. அம்மா சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டார். எனக்குத் தேநீர் வந்தது.

திரும்பி வரும்போது வாப்பாவின் ஞாபகம். எண்பதுகளில் ஐந்துசந்திப் பக்கம் எங்கள் கடையில் டீவியும் டெக்கும் வாடகைக்குக் கொடுப்போம், தேவையென்றால் ஜெனரேட்டரும். கடைப் பையன் கூடவே போய், டெக்கின் வயரை டீவியின் அன்டெனாத் துளையில் சொருகி, சனலைத் தேடிப் பிடித்து, படம் தெளிந்த பிறகுதான் காசு வாங்குவான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரோடும் நாங்களும் வெளியேற்றப்பட்டோம், கடையும் போயிற்று. யுத்தம் முடிந்து திரும்பி வந்து மறுபடி திறந்த கடை இது. பழைய ஆட்களில் பலர் வாப்பாவின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே வருவார்கள். அந்தப் பெயரில் நான் வெறும் கம்பி விற்றிருக்கிறேன்.

இரவே பில் புத்தகத்தைப் புரட்டினேன். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிய 24 வயரில் 9 விற்றிருந்தது. மாஸ்டரைத் தவிர ஆறு பேருடைய தொலைபேசி எண் இருந்தது. ஆறு பேருக்கும் படம் வரவில்லை. ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை! ஒருவர் டீவியில்தான் பிழை என்று நினைத்து அதை ரிப்பேருக்கே கொடுத்திருந்தார். எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

மொத்த வியாபாரியிடம் மிச்சத்தைக் கொண்டுபோனபோது, "வேறு கடைக்காரர் ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லையே" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது. என்னிடமும்தான் ஆறு பேர் வரவில்லை.

இன்று டீவிகள் மாறிவிட்டன. பல டீவிகள் பென்டிரைவில் உள்ள படத்தைத் தாமே ஓட்டும், வயரே தேவையில்லை. அப்படியானால் அதைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். புதிய மடிக்கணினிகளில் டைப்-சி துளை வந்திருக்கிறது. அதிலும் அதே பொறி. துளை ஒரே வடிவம்தான், ஆனால் எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. மொடலைப் பார்க்காமல் வயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொன்வேர்ட்டரிலும் திசை உண்டு: வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போவது வேறு, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு வருவது வேறு. முதலாவதுக்குப் பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும். இப்போது கடையில் ஒரு பழைய டீவியும் கம்பியூட்டரும் மேசையில் நிற்கின்றன. எந்த வயரும் அதில் கொழுவிப் பார்க்காமல் வெளியே போவதில்லை.

மிஞ்சிய அந்த வயர்கள் பெட்டியோடு மேல்தட்டில் கிடக்கின்றன. பாதி விலைக்காவது தள்ளிவிடலாமே என்று கடைப் பையன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். எண் குறிக்காமல் விட்ட அந்த இரண்டு பேர் யாரென்று இன்னும் தெரியவில்லை.