எத்தனை டைவ் போட்டால் ரீபிரீதர்?

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



டி.வி.யில் கடலடிக் காட்சிகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். சில டைவர்கள் மூச்சு விட்டால் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே போகும். வேறு சிலரிடமிருந்து ஒரு குமிழிகூட வராது. மீன்கள் பயமில்லாமல் பக்கத்திலேயே நீந்தும். முதல் வகைக் கருவிக்கு ஓப்பன் சர்க்யூட் என்று பெயர். இரண்டாவது ரீபிரீதர். முதலாவதில் பழகியவர் எத்தனை டைவ் போட்டபின் இரண்டாவதுக்கு மாறலாம்? டைவர்கள் மத்தியில் இது ஓயாத வாக்குவாதம். "இதில் நமக்கென்னப்பா?" என்கிறீர்களா? கருவியை நம்பி உயிரை ஒப்படைக்கும் எந்தத் தொழிலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வாருங்கள், கொஞ்சம் மூழ்கிப் பார்ப்போம்!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஓப்பன் சர்க்யூட் என்பது 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய அக்வாலங் வழி வந்தது. சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்று இருக்கும். மூச்சை இழுத்தால் ரெகுலேட்டர் காற்று தரும். விட்ட மூச்சு அப்படியே கடலுக்குப் போய்விடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் சுமார் 1 பார் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 80 லிட்டர் தேவை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 2400 லிட்டர். வகுத்துப் பாருங்கள், முப்பதே நிமிடம்! அதிலும் மேலே வருவதற்கு மிச்சம் வைக்க வேண்டும்.

ஆனால் உடம்பு உண்மையில் செலவழிக்கும் ஆக்சிஜன் நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர்தான். ஆழம் கூடினாலும் அது கூடுவதில்லை. மீதியெல்லாம் வீண். ரீபிரீதர் அந்த வீணைத் தடுக்கிறது. விட்ட மூச்சு ஒரு பைக்குள் போய், சோடா லைம் நிரப்பிய டப்பா வழியாகச் சுற்றி வரும். சோடா லைமில் பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு. கெமிஸ்ட்ரி லேபில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதிப் பால்போல் ஆக்கினோமே, அதே வினைதான்! கார்பன் டை ஆக்சைடு அங்கே பிடிபடும். குறைந்த ஆக்சிஜனை சென்சார்கள் அளந்து சொல்ல, சின்ன சிலிண்டரிலிருந்து அது சேர்க்கப்படும். இப்படிப் பல மணி நேரம் ஓட்டலாம்.

ஆபத்து எங்கே?

ஓப்பன் சர்க்யூட் கெட்டால் சத்தம் போடும். காற்று பீறிடும், அல்லது மூச்சு இழுக்கவே சிரமப்படும். டைவருக்கு உடனே தெரிந்துவிடும். ரீபிரீதர் கெட்டால் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். அதில் உயிர் காக்கும் சரக்கு இருக்காது.

ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் எச்சரிக்கை இல்லாமலே மயக்கம் வரலாம். 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம். தண்ணீருக்குள் இரண்டுமே மரணம். சோடா லைம் தீர்ந்துபோனாலோ சரியாக அடைக்கப்படாமல் இருந்தாலோ கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூச்சு வாங்கும், யோசிக்கும் திறனே மங்கும். அதனால்தான் டைவர் மீட்டரை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2013-இல் ஆண்ட்ரூ ஃபாக் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு ரீபிரீதர் டைவிங்கில் 181 மரணங்கள் பதிவாகியிருந்தன. ஓப்பன் சர்க்யூட்டைவிட மரண அபாயம் 4 முதல் 10 மடங்கு என்பது அவருடைய மதிப்பீடு. உதிரிபாகங்கள் கூடினால் பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பது நமக்குத் தெரிந்த பாடம்தானே!

அப்போ எத்தனை டைவ்?

பயிற்சி அமைப்புகள் ஆரம்பநிலை ரீபிரீதர் வகுப்புக்கு 25, 30, 50 என்று ஏதோ ஓர் எண்ணிக்கை கேட்கும். அது ஹால் டிக்கெட் மாதிரி. பரீட்சை எழுத விடும், பாஸ் போடாது! ஒரே பாறைத்திட்டில் கைடு பின்னாலேயே 100 முறை போனவரைவிட, அலையிலும் கலங்கலிலும் நீரோட்டத்திலும் 50 டைவ் போட்டவர் தேறியவர்.

எண்ணிக்கைக்குப் பதிலாக இவற்றைக் கேட்க வேண்டும்: 5 மீட்டரில் மூன்று நிமிடம், வேறு வேலை செய்துகொண்டே, ஏறாமல் இறங்காமல் நிற்க முடிகிறதா? யாரும் சொல்லாமலே காற்றுக் கணக்கு மனதில் ஓடுகிறதா? முகமூடி கழன்றாலும் பதறாமல் இருக்க முடிகிறதா? இன்னொரு ரெகுலேட்டருக்கு மாறுவது கைப்பழக்கமாக வந்துவிட்டதா?

இதற்கெல்லாம் காரணம் ஒன்றே. ரீபிரீதர் கெட்டால் டைவர் தப்பிப்பது பக்கத்தில் தொங்கும் ஓப்பன் சர்க்யூட் சிலிண்டரால்தான். ஆகவே அது ஏறியபின் எட்டி உதைக்கும் ஏணி அல்ல. கடைசிவரை இடுப்பில் கட்டியிருக்க வேண்டிய கயிறு.

அதற்காக ஆயிரம் டைவ் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பழைய பழக்கமும் சில சமயம் எதிரி. ஓப்பன் சர்க்யூட்டில் மூச்சை இழுத்தால் உடம்பு சற்று மேலே எழும், விட்டால் இறங்கும். ரீபிரீதரில் காற்று நுரையீரலுக்கும் பைக்கும் இடையே மாறுவதால் அந்த வித்தை பலிக்காது. ஊறிப்போன பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். "எனக்குத் தெரியாததா?" என்ற நினைப்பு அதைவிட மோசம்.

1880 சொல்லும் பாடம்

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றுக்கடியில் வெட்டிய ரயில் சுரங்கம் 1879-இல் வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீரை இறைக்க, உள்ளே சுமார் 300 மீட்டர் தூரத்தில் இருந்த ஓர் இரும்புக் கதவை மூட வேண்டும். மேலிருந்து குழாய் வழியாகக் காற்று பெற்ற டைவர் அலெக்சாண்டர் லாம்பர்ட்டால், குழாயை அவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியவில்லை. ஆக்சிஜன் ரீபிரீதரை வடிவமைத்த ஹென்றி ஃப்ளூஸ் வரவழைக்கப்பட்டார். அவரே இறங்கியும் காரியம் ஆகவில்லை. அவருக்குக் கருவி தெரியும், இருட்டுத் தண்ணீர் பழக்கமில்லை. பிறகு லாம்பர்ட் அந்தக் கருவியைக் கற்றுக்கொண்டு இறங்கினார். கதவை மூடிவிட்டுத் திரும்பினார்.

தண்ணீரை அறிந்தவர், புதுக் கருவிக்கு முன்னால் மறுபடி மாணவரானார். எத்தனை டைவ் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சென்டர் லேத்தில் கை பழகியபின் சி.என்.சி. முன்னால் நிற்கும் நமக்கும் அதேதான் நண்பர்களே. ஒரேயொரு வித்தியாசம்: நம்ம வொர்க்‌ஷாப்பில் மெஷின் தகராறு செய்தால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு நின்று யோசிக்கலாம். கடலுக்கடியில் டைவருக்கு அடுத்த மூச்சு வரைதான் அவகாசம்!