மேக்ரோ டிஸ்மிஸ் இல்லை, சஸ்பெண்ட்தான்!

மாதாமாதம் ஒரே கணக்கை எக்ஸெலில் போடுகிற புத்திசாலிகள், அதை ஒரு மேக்ரோவாக எழுதி வைத்துவிடுவார்கள். பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. பல பேருடைய மேக்ரோக்கள் குடியிருக்கும் வீடு, 'பெர்சனல் டாட் எக்ஸ்எல்எஸ்பி' என்கிற ஃபைல். எக்ஸெலைத் திறந்தால் அதுவும் திரைமறைவில் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும்.

ஒரு நாள் திறக்காது! எங்கள் ஆபீஸ் சம்பளப் பிரிவில் அப்படித்தான் ஆயிற்று. தேதி 29. ரிடையரான சீனியர் எழுதி வைத்துவிட்டுப் போன மேக்ரோ. சீட்டில் இருந்த பையனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், எல்லாம் போச்சு! 180 பேருக்கும் கையால போடணுமா?"

"போகலை தம்பி. சஸ்பெண்ட் ஆகியிருக்கு, அவ்வளவுதான்."

எக்ஸெல் திறந்துகொண்டிருக்கும்போதே ஹேங் ஆனால், அடுத்த முறை அதற்கு இந்த ஃபைல் மேல் சந்தேகம் வந்துவிடும். "முடக்கி வைக்கட்டுமா?" என்று கேட்கும். நாம்தான் எதையும் படிக்க மாட்டோமே... 'யெஸ்'!

மீட்பது சுலபம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ். அடியில் 'மேனேஜ்' கட்டத்தில் 'டிஸேபிள்டு ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'கோ' அழுத்துங்கள். நம்ம ஆள் அங்கே கைகட்டி உட்கார்ந்திருப்பார். 'எனேபிள்' கொடுத்து, எக்ஸெலை மூடித் திறந்தால் மறுபடி டூட்டியில் ஜாயின்!

இந்தக் கருணை சொந்த மேக்ரோவுக்கு மட்டும். முகம் தெரியாதவர் மெயிலில் அனுப்பிய ஃபைலுக்குக் கிடையாது. 1999-ல் 'மெலிஸா' வைரஸ் உலகம் சுற்றியது, வேர்டு ஃபைலுக்குள் ஒளிந்திருந்த ஒரு மேக்ரோவாகத்தான்.

ஃபைல் திரும்பிவிட்டது என்று உடனே டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு நகல். எக்ஸெலை மூடிவிட்டு, விண்டோஸின் தேடும் கட்டத்தில் 'ஆப்டேட்டா' என்று முன்னும் பின்னும் சதவிகிதக் குறி போட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் எக்ஸெல், அதற்குள் எக்ஸ்எல்ஸ்டார்ட். அங்கே இருக்கிறது ஃபைல். பெயரோடு தேதி சேர்த்து பென் டிரைவில் ஒரு காப்பி. நகலை மட்டும் அதே ஃபோல்டரில் போடாதீர்கள். அங்கே இருப்பதையெல்லாம் எக்ஸெல் திறந்து வைக்கும்!

இன்னொன்று. ஆல்ட்டும் எஃப்11-ம் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ எழுதும் ஜன்னல் வரும். இடதுபக்கம் மாட்யூல் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் ஃபைல்' கொடுங்கள். மேக்ரோ வெறும் எழுத்தாக வந்துவிடும். நோட்பேடிலேயே படிக்கலாம். எக்ஸெல் ஃபைலே கெட்டுப் போனாலும் மூளை மிச்சம்.

பிரீமியம் மாதம் ரெண்டே நிமிஷம். இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் எங்கே இருக்கு, சொல்லுங்க?