மணற்கொல்லைக்கு வீட்டுக் குப்பை எரு

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குப்பங்களில் வீட்டுக் கொல்லை பெரும்பாலும் வெறும் மணலேயாகும். மணலில் ஊற்றிய தண்ணீர் நில்லாது. இட்ட உரமும் ஒரு மழைக்குள் வேருக்கு எட்டாமல் இறங்கிவிடும். ஆகவே கீரையும் கத்தரிக்காயும் காசு கொடுத்தே வாங்கப்படுகின்றன. மீன்பாடு குறைந்த நாட்களில் அக்காசும் கடனாக ஏறுகிறது. மறுபுறம், மீன் கழிவும் இறால் ஓடும் கரையில் கொட்டப்பட்டு, நாற்றத்தையும் ஈயையும் பெருக்குகின்றன. கொல்லைக்கு வேண்டிய சத்து வாயிற்படியிலேயே வீணாகிறது.

மக்கிய எரு மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சத்தைச் சிறிது சிறிதாகச் செடிக்குக் கொடுக்கும். சாணத்தையும் செடிகொடிக் குப்பையையும் அடுக்கிச் சுமார் மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை, சர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த காலத்தில் வகுத்தார். மீன் கழிவின் அருமையும் நெடுநாளாக அறியப்பட்டதே. 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்துக்கு முன்னோடியான அறிக்கையை எழுதிய சர் பிரடரிக் நிக்கல்சன், பின்னர் சென்னை மாகாண மீன் துறையை உருவாக்கியபோது, மேற்குக் கரையில் மத்தி மீனின் எண்ணெய் எடுத்த சக்கையை எருவாக்கும் தொழிலை ஊக்கினார்.

இக்குப்பங்களில் குழி வெட்டுதல் உசிதமன்று. ஊற்று மேலாக இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிறைந்து, குப்பை மக்காமல் அழுகும். எனவே மேட்டு நிலத்தில், நிழலில், குடிதண்ணீர்க் கிணற்றுக்கு எட்ட, குவியலாகப் போடுவதே நன்று. செய்முறை வருமாறு:

1. நாலடிச் சதுரத்தில் பனைமட்டையால் அடைப்புக் கட்டி, அடியில் சுள்ளிகளைப் பரப்புக.

2. சவுக்குச் சருகு, வைக்கோல், காய்ந்த இலை இவற்றை முக்கால் அடி உயரம் இட்டு, சாணக் கரைசலைத் தெளிக்க.

3. அதன் நடுவில் மீன் கழிவைப் பரப்புக. கழிவு ஒரு கூடையானால் சருகு மூன்று கூடைக்குக் குறையலாகாது. ஓரத்தில் ஒரு முழம் விட்டு, மேலே சருகும் மண்ணும் கனமாக மூடினால் நாயும் காக்கையும் கிளறா, நாற்றமும் எழாது.

4. இவ்வாறே மூன்று நான்கு அடி உயரம் அடுக்குக. கைப்பிடி குப்பையைப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும்; நீர் சொட்டலாகாது.

5. சில நாளில் உள்ளே சூடு பிறக்கும். அச்சூடு ஈயின் முட்டையையும் களை விதையையும் அழிக்கும். சூடு தணிந்ததும் உள்ளதை வெளியாகவும் வெளியுள்ளதை உள்ளாகவும் புரட்டுக. மாதம் ஒருமுறை மீண்டும் புரட்டுக.

உப்பைக் குறித்து விசேஷ கவனம் தேவை. ஏரித் தண்ணீரைத் தெளிக்கலாகாது. கருவாட்டுக் கழிவு சேர்க்கத் தக்கதன்று. ஏரிப் பாசியை மழையில் நனையவிட்டோ, நல்ல தண்ணீரில் அலசியோதான் சேர்க்க வேண்டும். நைலான் வலைத் துண்டு, பிளாஸ்டிக்கு, கண்ணாடி முதலியன எக்காலத்தும் மக்கா. அவற்றை முதலிலேயே பொறுக்கி நீக்குக.

கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வீசினால் எரு பக்குவமாயிற்று. ஆடியில் தொடங்கிய குவியல் பெரும்பாலும் ஐப்பசியில் உதவும். மழை மணலின் உப்பைக் கழுவிய பிறகு, ஒரு அடிக் குழிக்கு ஒரு கூடை எரு கலந்து, அவரை, பூசணி, முருங்கை இவற்றை ஊன்றலாம்.

கொல்லையில்லாத அங்கத்தினரும் உளர். அவர்கள் கழிவைக் கொடுக்க, கொல்லையுள்ளவர் விளைவில் பங்கு கொடுப்பதெனச் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இதற்கு வேண்டிய முதல் உழைப்பேயன்றிக் கடன் அன்று.