சூப்பர்சார்ஜர் காரும் மே மாத ஜி.என்.டி. சாலையும்

மே மாத நண்பகலில் ஜி.என்.டி. சாலையில் மூலக்கடையிலிருந்து புழல் சிறை வரை ஒரு காரை ஊர்ந்தபடி ஓட்டிப் பார்த்தால் போதும், அதன் ரேடியேட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதில்லை. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் காற்று என்று எதுவும் கிடையாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஊரின் உச்சம் அதுதான். ஆனால் அது நிழலில் அளந்த கணக்கு. தார்ச்சாலைக்கு அரை அடி உயரத்தில், லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கும் காரின் முன்பக்கம் உறிஞ்சும் காற்று அதைவிடச் சூடானது.

சாதாரண கார் இதைத் தாக்குப்பிடித்துவிடும். சூப்பர்சார்ஜர் கார் திணறும். புழலில் சூப்பர்சார்ஜர் காரா என்று கேட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் விற்ற மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் இன்று செகண்ட் ஹேண்டில் சாதாரண புதுக்காரின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கிறது. வாங்குவது எளிது, வைத்துக்கொள்வதுதான் செலவு. அந்தச் செலவைக் குறைக்கத்தான் ஆளுக்கொரு கைவைத்தியம் முளைக்கிறது. டர்போ வைத்த நெக்ஸான், வென்யூ, டைகுன் ஓட்டுபவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பெல்ட்டில் சுழல்கிறது, டர்போ புகையின் வேகத்தில் சுழல்கிறது. இரண்டும் செய்வது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் வேலையைத்தான்.

அமுக்கினால் காற்று சூடாகும். வெளியே 40 டிகிரி என்று வையுங்கள். அரை பார் அழுத்தம் ஏற்றும் ஒரு சுமாரான சூப்பர்சார்ஜரைத் தாண்டும்போது அதே காற்று 100 டிகிரியை எட்டிவிடும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. அதோடு பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து, மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் தட்டல் வரும். எஞ்சினைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் கணினி பற்றவைப்பைப் பின்னுக்குத் தள்ளும். ‘ஏசி போட்டா பிக்கப்பே இல்லண்ணே’ என்ற புகாரில் பாதி இதுதான். இந்தக் காற்றை ஆறவைக்கத்தான் முன்பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் இருக்கிறது. அது ஆற, வெளிக்காற்று அதன் மேல் ஓட வேண்டும். சென்னை பைபாஸில் ஓடும். மூலக்கடையில் ஓடாது.

இதற்குச் செலவு குறைந்த வழி எது என்றால், புதிதாக எதையும் சேர்க்காமல், கம்பெனி கொடுத்த குளிர்விப்பை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான். வடசென்னையில் இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. எண்ணூர் பக்கம் போய்வரும் வண்டியின் முன்பக்கத்தில் நிலக்கரித் தூசு, கடல் உப்பு, லாரி டயர் கிளப்பும் புழுதி மூன்றும் சேர்ந்து படியும். ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அடுக்கில் வெளியிலிருந்து பார்த்தால் முதல் அடுக்கு மட்டும் தெரியும். குப்பை இடையில் இருக்கும். பம்பரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் மெல்லிய ஃபின்கள் மடிந்து, காற்றுக்கு இருந்த வழியும் அடைந்துவிடும். ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சந்துகளைத் தடித்த நுரைப்பட்டையால் அடைத்தால் காற்று குறுக்குவழியில் நழுவாமல் ஃபின் வழியே போகும். சில நூறு ரூபாய்க்கு இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது கூலன்ட். அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்றி, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. உப்புத் தண்ணீர் உள்ளே படிவாக இறுகி, துருவையும் கூட்டிவரும். ஐ.எஸ். 5759 தரம் அச்சிட்ட கூலன்ட்டை, கார் கையேட்டில் சொன்ன விகிதத்தில், கனிமம் நீக்கிய தண்ணீரோடு கலக்க வேண்டும். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீருக்குத்தான் அதிகம். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறம் பார்த்துக் கலப்பதும் ஆபத்து. நிறம் வெறும் சாயம், உள்ளே இருக்கும் வேதிப்பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பழைய கூலன்ட்டைத் தெருவோரக் கால்வாயில் ஊற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதுவும் இனிக்கும் நஞ்சு. நாய் நக்கும், குழந்தை விரலை வைக்கும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதாவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பது சென்னையின் குடிநீர் ஏரி என்பதை புழல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடியிட்ட கேனில் சேர்த்து, கழிவு எண்ணெயை முறையாக எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள், அலட்சியமாகப் பார்ப்பார்கள். சுமார் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கி, தண்ணீர் கொதிக்கும் புள்ளியை 120 டிகிரிக்கு அருகே உயர்த்திவைப்பது அதுதான். ரப்பர் காய்ந்துபோனால் கூலன்ட் முன்னதாகவே கொதிக்கும். புதிது வாங்கும்போது அதே அழுத்த எண் உள்ளதாகப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் முகத்தில் பீய்ச்சும். எஞ்சினை அணைத்து, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் கைவைக்கலாம். வெந்துவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் பூசக் கூடாது. தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

இனி, செய்யவே கூடாத கைவைத்தியங்கள். ‘தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு, ஹீட்டே ஆகாது’ என்பது முதலாவது. அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலில் பெட்ரோல் கசியும். சில எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியில் சுற்றி, சூடு கூடவும் செய்யும். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடுவது இன்னொன்று. ஓடும்போது கண்ணாடி அடியில் காற்றழுத்தம் அதிகம், அதனால் சூடு வெளியேறுவதற்குப் பதில் காற்று உள்ளே நுழையும். பானெட் பூட்டின் பிடியும் தளரும். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மின்விசிறியை நேரே பேட்டரியில் கொடுப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. 200 வாட் விசிறி 12 வோல்ட்டில் 16, 17 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால், அது சூட்டிலேயே கிடந்து உறை உருகும். ரிலே வேண்டும், தகுந்த தடிமனில் ஒயர் வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வேண்டும். இது மூன்றும் இல்லாத விசிறி, கார் எரிவதற்கான ஏற்பாடு.

இன்டர்கூலர் மீது தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு செலவு குறைவானது, தனி டப்பாவும் கண்ணாடி கழுவும் வாஷர் பம்ப்பும் போதும். ஆனால் கடற்கரை ஊரில் காற்றே ஈரம் சுமந்து நிற்பதால், ஆவியாகிக் குளிர்விக்கும் பலன் பெங்களூர்க்காரர் சொல்லும் அளவுக்கு இங்கே கிடைக்காது. தண்ணீரோடு மெத்தனால் கலந்து எஞ்சினுக்குள் பீய்ச்சும் வெளிநாட்டு முறையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பொருள் அதுதான். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மெத்தனாலை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். காருக்காக என்று சொன்னால் போலீஸ் கேட்டுக்கொள்ளாது.

சட்டம் எந்த இடத்தில் குறுக்கே வருகிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் ‘மாற்றம்’ என்று அதிலேயே விளக்கமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாக வாசித்து, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்றது. அதே ஆண்டின் திருத்தம் 182ஏ பிரிவில் சேர்த்தது இது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஃபின் கழுவுவது, கூலன்ட், மூடி, ஹோஸ், கம்பெனி அளவிலேயே புது ரேடியேட்டர், இவை பராமரிப்பு. இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சாதாரண எஞ்சினில் சூப்பர்சார்ஜர் கிட் ஏற்றுவது, பானெட்டில் ஓட்டை வெட்டுவது, பம்பரின் உள்ளிரும்பை அறுத்துப் பெரிய இன்டர்கூலர் திணிப்பது, இவை மாற்றம். கம்ப்ரஸர் காரில் சிறிய புல்லி மாட்டி அழுத்தத்தைக் கூட்டுவதையும் நான் இதில்தான் சேர்ப்பேன். குளிர்ச்சி போதவில்லை என்று வருபவர்களில் பலர் இந்தப் புல்லியை மாட்டிவிட்டு வருபவர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னால் மாட்டும் புல் பார் காற்றையும் மறைக்கும். அதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சந்தேகம் வந்தால் செங்குன்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காரைக் குடைந்து பார்க்கும் ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. ஆசை இருப்பவர்களுக்கு அந்தத் தடம் இருக்கிறது. பொதுச் சாலையில் வேகப் போட்டி வைத்தால் 189ஆவது பிரிவு, முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாரண்டி விஷயத்தில் கார்காரர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ‘வெளியில் கைவைத்தால் வாரண்டி போச்சு’ என்று ஷோரூமில் ஒரே போடாகப் போடுவார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இது அலசப்பட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையின் குறையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின என்பதால் அதை ஆயுதமாக நீட்ட முடியாது. ஆனால் வாதமாக வைக்கலாம். கூலன்ட் மாற்றியதற்கும் கியர்பாக்ஸ் கோளாறுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுதித் தரச் சொன்னதும் பெரும்பாலும் நிதானமாகிவிடுவார்கள்.

காப்பீட்டில் நிலைமை வேறு. வழக்கமான சொந்தச் சேத பாலிசி, இயந்திர, மின் பழுதுகளையும் தேய்மானத்தையும் விலக்கிவைக்கிறது. சூட்டில் ஹெட் கேஸ்கெட் போய் எஞ்சின் பிடித்துக்கொண்டால் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தாலும், முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டினீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். கார் எரிந்தால் சர்வேயர் தேடுவது டேப் சுற்றிய ஒயரை. கூடுதலாக எதை மாட்டினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயிலில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மெக்கானிக் வேலையில் குறை என்றால், கடை சின்னதா பெரியதா என்பது பொருட்டல்ல. காசு வாங்கிச் செய்த சேவை எல்லாமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019க்குள் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பல தகராறுகள் அங்கேயே பேசித் தீரும். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே, குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சட்டம் சொல்லும் மூன்று மாத, ஐந்து மாதக் கெடுவை நம்பி நாட்காட்டியில் குறித்துவைக்காதீர்கள், இழுக்கும்.

ஆணையத்தில் பேசுவது காகிதம்தான். ஜி.பி. ரோட்டுக் கடைகளில் ‘பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி’ என்பார்கள். கொடுத்து பில் வாங்குங்கள். ஜாப் கார்டில் மாற்றிய பாகம், ஊற்றிய கூலன்ட்டின் பெயர், அன்றைய கிலோமீட்டர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கட்டிவையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். போனில் மெக்கானிக் அண்ணன் சொன்ன வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அவருக்கே அனுப்பி, ‘சரிதானேண்ணே?’ என்று கேட்டுவையுங்கள்.