மீனின் தசை வரை

கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை நினைவிருக்கிறதா? அந்த ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனதில்தான் மாசு விஷயம் வெளியே வந்தது. ஆனால் பாதரசம் ஊர் சுற்ற லாரி தேவையில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். காற்றோடு போய் மரப்பாசியிலும், பிரியாணிக்குப் போடுவோமே அந்தக் கல்பாசி வகையிலும் தங்கும். கொடைக்கானல் பாசிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் அவற்றில் பாதரசத்தைக் கண்டார்கள். மழை அதை மண்ணில் இறக்கும். மண்ணின் மக்கு இறுகப் பிடித்துக்கொள்ளும். சரிவு அரித்தால் மண்ணோடு ஓடைக்குப் போய்விடும்.

உண்மையான வில்லங்கம் நீர்நிலைகளின் அடிச்சேற்றில். பிராணவாயு இல்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதைக் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் உறிஞ்ச, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனை விரால் விழுங்க, படிக்குப் படி அளவு கூடும். தண்ணீரில் இருப்பதைவிடப் பெரிய மீனில் பல லட்சம் மடங்கு சேரலாம். அதுவும் தோலில் அல்ல, தசையில். எனவே செதில் உரசி, மஞ்சள் போட்டு அலசினாலும், குழம்பில் கொதிக்கவிட்டாலும் போகாது. கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால், நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் மூளைக்கே போய்விடும்.