உலாவி உறைந்து நின்றால்

இணையப் பக்கமொன்று திறக்குந் தறுவாயில் உலாவி அசைவற்று நிற்குமாயின், நம்மில் பலர் கணினியின் மீதோ பிள்ளைகளின் மீதோ பழி சுமத்துகின்றோம். புதிய கணினி வாங்க முற்படுவாரும் உளர். அதற்கு முன் காரணத்தைத் தேடுதலே முறையாகும்.

2008 ஆம் ஆண்டில் வெளிவந்த குரோம் உலாவி, பக்கங்களைப் பெரும்பாலும் தனித்தனியே பிரித்து இயக்குகின்றது. ஆதலின் ஒன்று முடங்கினும் ஏனையவை தப்பக்கூடும். விண்டோஸ் கணினியில் ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தினால், எப்பக்கம் எவ்வளவு நினைவகத்தைக் கொள்கின்றது என்னும் பட்டியல் தோன்றும். மிகுதியாக உண்பதை மாத்திரம் நிறுத்திவிடலாம்.

பல பக்கங்களும் உறையுமாயின், அவற்றை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்ப்போமாக. நாம் அனுமதித்தாலன்றி நீட்சிகள் அங்கு இயங்கா. அங்கே தடையின்றித் திறப்பின், நீட்சிகளையோ சேமித்த கோப்புகளையோ ஐயுறலாம். நீட்சிகளனைத்தையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கிச் சோதித்தல் வேண்டும். ஒரே வேளையில் பலவற்றை மாற்றினால் மெய்க்காரணம் புலப்படாது. மறைநிலையிலும் உறையின், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தி, உலாவியை மீளத் தொடங்கிப் பார்க்கலாம்.

சேமித்தவற்றை அழிக்குங்கால் எச்சரிக்கை வேண்டும். தற்காலிகப் படங்களையும் கோப்புகளையும் மாத்திரமே தெரிவுசெய்தல் நன்று. கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிட்டால், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் இறுதி நாளன்று தன் கணக்கினுள் நுழையவியலாது பிள்ளை தவிக்க நேரலாம். உறைந்த உலாவியை மீட்டல் எளிது; தவறிய நாளை மீட்டல் அரிது.