தாமஸ் பெய்ன்

தாமஸ் பெய்ன் (ஜனவரி 29, 1737 – ஜூன் 8, 1809) இங்கிலாந்தில் பிறந்த அரசியல் எழுத்தாளர். அமெரிக்க விடுதலைப் போர், பிரெஞ்சுப் புரட்சி இரண்டிலும் பங்குகொண்டவர். அரசியலைப் பற்றிப் படித்தவர்கள் படித்தவர்களுக்காக மட்டும் எழுதிய காலத்தில், தொழிலாளிக்கும் குடியானவருக்கும் புரியும் மொழியில் எழுதினார்.

இளமை

நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பெண்களுக்கான இறுக்குக் கச்சை தைப்பவர். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பெய்னின் பள்ளிப்படிப்பு சுமார் 13 வயதில் முடிந்தது. தந்தையின் தொழிலைச் செய்தார், பின்னர் கலால் வரி அலுவலரானார். சக அலுவலர்களின் சம்பள உயர்வுக்காக 1772-ல் அவர் எழுதிய மனுவே அவரது முதல் முக்கிய அரசியல் எழுத்து. சம்பளம் உயரவில்லை. 1774-ல் வேலையும் போனது. லண்டனில் சந்தித்த பெஞ்சமின் பிராங்ளினிடம் அறிமுகக் கடிதம் பெற்று, அந்த ஆண்டின் இறுதியில் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 37.

காமன் சென்ஸ்

ஜனவரி 1776-ல் ஆசிரியர் பெயரில்லாமல் இந்தச் சிறுநூல் வந்தது. சண்டை தொடங்கிவிட்டிருந்தாலும், குடியேற்ற நாட்டினர் பலர் அப்போதும் பிரிட்டிஷ் மன்னருடன் சமரசத்தையே விரும்பினர். நாடாளுமன்றம் தவறு செய்கிறது, மன்னர் நல்லவர் என்பது அவர்கள் எண்ணம். பெய்ன் அந்த நம்பிக்கையின் வேரிலேயே கைவைத்தார். ஒருவர் பிறப்பால் மட்டும் பிறரை ஆளும் உரிமை எப்படிப் பெறுகிறார் என்று கேட்டார். லத்தீன் மேற்கோள்கள் இல்லை. எல்லாரும் அறிந்த பைபிளிலிருந்தே வாதங்களை எடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டினர். ஆறு மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் வெளியானது. அதற்கு இந்த ஒரு நூலே காரணம் என்பது மிகை. மன்னராட்சியை வெளிப்படையாக எதிர்த்துப் பேசும் துணிவை அது பொதுமக்களுக்குத் தந்தது என்பதில் ஐயமில்லை.

மனித உரிமைகள்

பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1790-ல் எழுதிய நூலுக்கு மறுப்பாக இதை எழுதினார். முதல் பகுதி 1791, இரண்டாம் பகுதி 1792. இரண்டாம் பகுதி இன்று படிக்கும்போதும் வியப்பளிப்பது. ஏழைக் குடும்பங்களின் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு, 50 வயதைக் கடந்த ஏழைகளுக்கு 6 பவுண்டு, 60-ஐக் கடந்தால் 10 பவுண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இது தருமம் அல்ல, உரிமை என்கிறார். (மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் என் போன்றவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது படிக்கவேண்டும்.) பிரிட்டிஷ் அரசு அவர் மீது வழக்குத் தொடுத்தது. பெய்ன் பிரான்சுக்குச் சென்றுவிட, அவர் இல்லாமலேயே 1792 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

பிரான்சில்

பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத பெய்னைத் தேசியப் பேரவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரி 1793-ல் பதினாறாம் லூயியின் மரணதண்டனை விவாதத்துக்கு வந்தது. மன்னராட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், மன்னரைக் கொல்லக்கூடாது, அமெரிக்காவுக்கு நாடுகடத்தலாம் என்றார். அவரது உரையின் மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டபோது மரா குறுக்கிட்டு, குவேக்கரான இவருக்கு இதில் வாக்களிக்கத் தகுதியில்லை என்று கூச்சலிட்டார். என் கணிப்பில் பெய்னின் வாழ்க்கையில் மிக உயர்ந்த தருணம் இதுவே. டிசம்பர் 1793-ல் கைதாகி, லக்சம்பர்க் சிறையில் பத்து மாதங்களுக்கு மேல் கிடந்தார். அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் மன்றோவின் முயற்சியால் விடுதலையானார்.

கைவிடப்பட்ட இறுதிக்காலம்

கைதாகும் காலத்தில் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' திருச்சபைகளையும் வேதநூலின் அதிகாரத்தையும் மறுத்தது. பெய்ன் கடவுள் ஒருவர் உண்டு என்றே அந்நூலில் எழுதியிருந்தும், நாத்திகர் என்றே தூற்றப்பட்டார். 1802-ல் அமெரிக்கா திரும்பியபோது பழைய நண்பர்கள் பலர் விலகிக்கொண்டனர். நியூயார்க்கில் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 1819-ல் வில்லியம் காபெட் என்ற இதழாளர் நினைவுச்சின்னம் எழுப்பும் எண்ணத்துடன் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். சின்னம் எழவில்லை. எலும்புகளும் காணாமல் போயின.

தாக்கம்

அதே 1819-ல் 'பகுத்தறிவின் காலம்' நூலை அச்சிட்டு விற்றதற்காக ரிச்சர்டு கார்லைல் இங்கிலாந்தில் சிறைசென்றார். இந்தியாவில் கல்கத்தா இந்துக் கல்லூரியின் டெரோசியோ வழிவந்த இளைஞர்கள் பெய்னை விரும்பிப் படித்தனர். புனேயில் ஜோதிராவ் புலே இளம்வயதில் 'மனித உரிமைகள்' நூலைப் படித்தார்; 1848-ல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். சாதி ஒடுக்குமுறை பற்றி 1873-ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.